ஈமு முட்டை ஓட்டில் சேர்வராயன் மலை

துளை போட்டு, கருவையும் வெள்ளையையும் வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாயிற்று. இப்போது செதுக்கல்.

முட்டை ஓமலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிடைத்தது. 2012இல் ஈமு வளர்ப்பு மோகம் சரிந்த பிறகும் அந்தத் தோட்டக்காரப் பெரியவர் தன் பறவைகளைக் கைவிடவில்லை. நம்மூரில் அவை குளிர்காலத்தில்தான் முட்டையிடும். கரு கூடாத முட்டை ஒன்றைத் தந்தார். அரைக் கிலோவுக்கு மேல் இருந்தது, பத்துக் கோழி முட்டைக்குக் குறையாது.

ஓட்டின் அழகே அடுக்குகளில்தான். மேலே சொரசொரப்பான கரும்பச்சை, அடுத்து நீலம் கலந்த வெளிர்பச்சை, அடியில் வெள்ளை. எல்லாம் சேர்த்தே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். எந்த ஆழத்தில் கையை நிறுத்துகிறோமோ அந்த நிறம் வரும். அதனால் சேலத்துச் சேர்வராயன் மலையையே எடுத்துக்கொண்டேன்: முன்மலை கரும்பச்சை, பின்மலை நீலப்பச்சை, வானம் வெள்ளை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா தன் பழைய உளியைக் கொடுத்தார். "அழுத்தாதே மாப்ளே, சுரண்டு" என்றார். முகக்கவசம் கட்டாயம், தூள் மாவு மாதிரி பறக்கிறது.

பச்சைக்குக் காரணம் பிலிவெர்டின் என்ற நிறமி. நம் பித்தநீரிலும் இருப்பதுதான். ஈமுவின் தாயகமான ஆஸ்திரேலியாவில் இம்முட்டைகளை அடைகாப்பது ஆண் பறவை. சுமார் எட்டு வாரம் தீனி, தண்ணீர் இல்லாமல், உடம்பில் சேர்த்த கொழுப்பிலேயே காலம் தள்ளும். எழுந்தால் முட்டையைத் திருப்பிவிடத்தான். உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிடும். பெண் அதற்குள் வேறு துணை தேடிப் போயிருக்கலாம். குஞ்சு பொரித்த பிறகும் மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டு திரிவது அப்பன்தான். இதைப் படித்ததிலிருந்து அந்தப் பறவைமேல் எனக்குப் பெரிய மரியாதை. அதனால் மலையடிவாரத்தில் அடைகாக்கும் ஆண் ஈமுவையும் சேர்த்துவிட்டேன்.

இறகுதான் சிரமம். பெரியவர் கொடுத்த இறகைப் பார்த்தால், ஒரே அடியிலிருந்து சம நீளத்தில் இரண்டு தண்டு கிளம்புகிறது. உடம்பெல்லாம் வைக்கோல் போலத் தொங்குவது அதனால்தான். ஒற்றைக் கோடாக இழுத்தால் கோழி மாதிரி ஆகிவிடும், இரட்டைக் கோடு போட்டால் சரியாக வருகிறது.

அப்புறம் இதே மலைமேல் இருக்கும் ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதை. 20 கொண்டை ஊசி வளைவும் இந்த ஓட்டில் அடங்காது. மேலே நாலைந்து வளைவை மட்டும் வெள்ளையில் இழுக்கப்போகிறேன்.