எக்ஸ்பாத் தேர்வுக்குத் தயாராவோருக்கு: எந்தக் கணுவில் நிற்கிறோம் என்று பார்த்து எழுதுங்கள்

எக்ஸ்எம்எல் என்பது தரவை டேக்குகளுக்குள் வைக்கும் கோப்பு வடிவம்; அதில் வேண்டிய இடத்தைப் பாதையாக எழுதிச் சுட்டும் மொழி எக்ஸ்பாத். எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து தரவை எடுக்கச் சொல்லும் கேள்விக்குப் பலர் பாதைகளை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். கோப்பின் அமைப்பு கொஞ்சம் மாறினாலும் மனப்பாடம் கைவிட்டுவிடும். எக்ஸ்பாத்தில் நெட்டுருப் போட வேண்டியது மிகக் குறைவு. பாதையின் ஒவ்வொரு படியும் சில கணுக்களை (கோப்பை மரமாகப் பார்த்தால் அதன் ஒவ்வொரு முனையும் ஒரு கணு) வாங்கி, வேறு சில கணுக்களைத் தருகிறது. எந்தப் படியில் எந்தக் கணுவில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால் விடை தானாக வரும். தவறுகளில் பெரும்பாலானவை அது தெரியாததால்தான் வருகின்றன.

ஈப்போவில் படித்துவிட்டு வார இறுதியில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குத் திரும்பும் மாணவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் இணைய லைன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பைத்தான் நிரல்மொழியோடு கூடவே வரும் எலிமெண்ட்ட்ரீ நூலகத்தில் பாதிப் பயிற்சியை முடித்துவிடலாம். அதற்கு இணையம் வேண்டாம். மீதிப் பாதிக்கு எல்எக்ஸ்எம்எல் என்ற தொகுப்பு வேண்டும். சில எம்பிதான். பட்டணத்தில் இருக்கும்போதே பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) மூலம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு, தோட்டத்துச் செக்ரோல் (ஆட்களின் வேலைப் பதிவேடு) மாதிரி ஒரு சின்னக் கோப்பு. எடை கிலோவில்.

<தோட்டம்>
  <டிவிஷன் எண்="1">
    <ஆள் எண்="101" வேலை="அறுப்பு"><பெயர்>ராஜு</பெயர்><எடை>1420</எடை></ஆள்>
    <ஆள் எண்="102" வேலை="அறுப்பு"><பெயர்>கோமதி</பெயர்><எடை>960</எடை></ஆள்>
  </டிவிஷன்>
  <டிவிஷன் எண்="2">
    <ஆள் எண்="201" வேலை="உரம்"><பெயர்>சாந்தி</பெயர்></ஆள்>
    <ஆள் எண்="202" வேலை="அறுப்பு"><பெயர்>சா'அரி</பெயர்><எடை>1,050</எடை></ஆள்>
  </டிவிஷன்>
</தோட்டம்>

டேக் பெயரைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்க வேண்டாம். எக்ஸ்எம்எல் அதை அனுமதிக்கிறது, பைத்தானும் சிக்கலில்லாமல் படிக்கும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும். செயற்கூறுகளின் பெயர்களை மட்டும் இங்கே ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

விடைத்தாளில் முதல் வேலை மரத்தை வரைவது. கோப்பை மரமாக ஓரத்தில் வரைந்து, பாதையை இடமிருந்து வலமாக ஒவ்வொரு படியாக நடந்து, படிக்குக் கீழே கிடைக்கும் கணுக்களின் எண்ணைக் குறியுங்கள். /தோட்டம்/டிவிஷன்/ஆள் என்பதில் முதல் படியில் ஒரு கணு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இவ்வளவு எளிய பாதைக்கும் இதைச் செய்து பழகினால்தான் கடினமான பாதையில் கை தானாக அதையே செய்யும்.

அடுத்து வருவதில் கொஞ்சம் நின்று பழகுங்கள். தேர்வில் கேட்பவர்களுக்குப் பிடித்த இடம் இது.

//ஆள்[1]
(//ஆள்)[1]

முதலாவது ஒரே ஒரு ஆளைத் தரும் என்று பலர் எழுதுகிறார்கள். தருவது இரண்டு பேரை: 101, 201. இரட்டைச் சாய்வுக்கோடு உண்மையில் ஒரு சுருக்கெழுத்து. ‘இந்த இடத்திலும் இதற்குக் கீழுள்ள எல்லா இடத்திலும் நில், அங்கங்கே பிள்ளையாக (நேரே ஒரு படி உள்ளே) இருக்கும் ஆளைத் தேடு’ என்பது அதன் விரிவு. அதனால் [1] என்பது ஒவ்வொரு டிவிஷனுக்குள்ளும் முதல் ஆளைக் குறிக்கிறது. இரண்டாவது பாதையில் வளைவு அடைப்பு முதலில் எல்லாரையும் ஒரே வரிசையாகச் சேர்க்கிறது, பிறகு எண்ணுகிறது. ஆகவே 101 மட்டும். எண்ணிக்கை 1-இல் தொடங்குகிறது, பைத்தான் பட்டியலைப் போல 0-இல் அல்ல. [0] என்று எழுதினால் எல்எக்ஸ்எம்எல் பிழை காட்டாது, வெற்றுப் பட்டியலைத் தரும். அந்த அமைதிதான் ஆபத்து.

சதுர அடைப்புக்குள் எழுதுவது நிபந்தனை. டேக்குக்குள் வேலை="அறுப்பு" என்று வருவது பண்பு, பாதையில் அதற்கு முன் @ போட வேண்டும். நிபந்தனைகளின் வரிசையும் அதே காரணத்தால் முக்கியம்.

//ஆள்[@வேலை='அறுப்பு'][1]
//ஆள்[1][@வேலை='அறுப்பு']

முதலாவது அறுப்பாளர்களைப் பிரித்தெடுத்து, டிவிஷனுக்கு ஒருவராக முதல்வரைத் தருகிறது: 101, 202. இரண்டாவது ஒவ்வொரு டிவிஷனின் முதல் ஆளையும் எடுத்து, அவர் அறுப்பா என்று கேட்கிறது. 201 உரம் போடுபவர் என்பதால் 101 மட்டும் தேறுகிறார். ஒவ்வொரு சதுர அடைப்பும் முந்தைய அடைப்பில் மிஞ்சியவர்களை மட்டுமே பார்க்கிறது, அவர்களைப் புதிதாக எண்ணுகிறது.

நிரல் எழுதும் தாளில் வரும் பெரிய பிழை, லூப்புக்குள் இரட்டைச் சாய்வுக்கோட்டில் தொடங்குவது. டிவிஷன்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கணுவின் எக்ஸ்பாத் முறையில் //ஆள் என்று கொடுத்தால், கையில் டிவிஷன் இருந்தாலும் தேடல் கோப்பின் உச்சியிலிருந்தே தொடங்கும். இரண்டு டிவிஷனுக்கும் நான்கு நான்காக எட்டுப் பேர் வருவார்கள். முன்னால் ஒரு புள்ளி வைத்து .//ஆள் என்று எழுதினால் இரண்டு இரண்டாக நான்கு பேர். அந்தப் புள்ளி ‘நான் நிற்கும் இடத்திலிருந்து’ என்று சொல்கிறது. எலிமெண்ட்ட்ரீயில் கணுவின் மேல் சாய்வுக்கோட்டில் தொடங்கும் பாதையைக் கொடுத்தால் சின்டாக்ஸ் எர்ரர் வரும். பிழையைக் கண்டு எரிச்சல்படாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றுகிறது.

எலிமெண்ட்ட்ரீ முழு எக்ஸ்பாத் அல்ல, அதன் ஒரு பகுதி மட்டும். டேக் பெயர், நட்சத்திரம், புள்ளி, இரட்டைப் புள்ளி, பண்பு நிபந்தனை, பிள்ளையின் உரை நிபந்தனை, இட எண், லாஸ்ட்() ஆகியவற்றை ஏற்கும். சமமில்லை என்ற குறியைப் பைத்தான் 3.10-இலிருந்துதான் ஏற்கிறது. பெரிது, சிறிது ஒப்பீடு கிடையாது, கண்டெயின்ஸ் கிடையாது, அடைப்புக்குள் ‘அண்ட்’ கிடையாது. இரண்டு நிபந்தனையை அடுத்தடுத்த அடைப்பாக எழுத வேண்டும். பாதையின் முடிவில் பண்பைக் கேட்கவும் முடியாது. கணுவைப் பெற்று, அதன் கெட் முறையால் பண்பை எடுக்க வேண்டும். கேள்வி எந்த நூலகத்தைச் சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். 1999 நவம்பரில் வந்த எக்ஸ்பாத் 1.0 முழுவதும் வேண்டுமென்றால் எல்எக்ஸ்எம்எல்தான். 2.0-க்கு உரிய செயற்கூறுகளை இணையத்தில் பார்த்து எழுதினால் அது அங்கேயும் ஓடாது.

ஒரு கணு இருக்கிறதா என்று சோதிக்கும் இடத்தில் பைத்தான் ஒரு குழி வைத்திருக்கிறது. ஆளின் எடைக் கணுவை ஃபைண்ட் மூலம் எடுத்து, ‘இஃப் எடை’ என்று மட்டும் எழுதினால் ராஜுவுக்கும் பொய் என்றே வரும். பிள்ளைகள் இல்லாத கணுவைப் பைத்தான் பொய்யாகக் கருதுகிறது. எடைக்குள் உரை உண்டு, பிள்ளைக் கணு இல்லை. ‘இஸ் நாட் நன்’ என்று முழுதாக எழுதுங்கள். 3.12 முதல் எலிமெண்ட்ட்ரீ இந்தப் பழக்கத்துக்கு எச்சரிக்கை தருகிறது. சாந்திக்கு எடைக் கணுவே இல்லாததால் ஃபைண்ட் வெறுமையைத் தரும், அதன் டெக்ஸ்ட்டைக் கேட்டால் நிரல் நின்றுவிடும். ஃபைண்ட்டெக்ஸ்ட்டுக்கு இயல்பு மதிப்பும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு தொல்லையும் போகும்.

எண்களுக்கு வருவோம். சா'அரியின் எடையில் காற்புள்ளி இருப்பதைக் கவனித்தீர்களா? கிராணி (தோட்டத்து எழுத்தர்) தட்டிய தரவு இப்படித்தான் வரும்.

//ஆள்[எடை > 1000]

101 மட்டும். எக்ஸ்பாத்துக்கு ‘1,050’ எண்ணே அல்ல. எண் அல்லாதது எதையும்விடப் பெரிதும் அல்ல, சிறிதும் அல்ல. சம்(//எடை) என்று கூட்டினால் அந்த ஒரு மதிப்பு மொத்தத்தையும் கெடுத்து, ‘எண் அல்ல’ என்ற விடையே வரும். ஒப்பீட்டில் ட்ரான்ஸ்லேட்(எடை, ',', '') > 1000 என்று காற்புள்ளியை நீக்கினால் 101, 202 இருவரும் வருவார்கள். கூட்டலை இப்படிச் சரிசெய்ய முடியாது. சம் கணுக்களைத்தான் ஏற்கும், ட்ரான்ஸ்லேட் தருவது உரை. எடைகளைப் பைத்தானுக்குள் கொண்டுவந்து, காற்புள்ளி நீக்கிக் கூட்டுங்கள்: 3430.

//ஆள்[எடை != 960]
//ஆள்[நாட்(எடை = 960)]

இரண்டும் ஒன்றல்ல. முதலாவது ‘960 அல்லாத ஒரு எடை இருக்கிறதா’ என்று கேட்கிறது: 101, 202. எடையே இல்லாத சாந்திக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது ‘960 ஆன எடை இல்லாதவர்’ என்று கேட்கிறது: 101, 201, 202. கேள்வித்தாளில் ‘தவிர மற்ற அனைவரும்’ என்று இருந்தால் இரண்டாவதையே எழுதுங்கள்.

பெயரால் தேடும்போது சா'அரி என்ற பெயரில் நடுவே இருக்கும் ஒற்றை மேற்கோள் பாதையை உடைத்துவிடும். எக்ஸ்பாத் 1.0-இல் மேற்கோளைத் தப்பவைக்கும் குறி கிடையாது. வெளியே இரட்டை மேற்கோள் போடலாம். அதைவிட, எல்எக்ஸ்எம்எல்லில் பாதைக்குள் டாலர் குறியோடு மாறியை வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுப்பது நல்லது. நம் பெயர்களில் மகன், மகள் என்று குறிக்க வரும் ‘அ/லெ’, ‘அ/பெ’ சாய்வுக்கோட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மேற்கோளுக்குள் இருக்கும் சாய்வுக்கோடு வெறும் எழுத்துதான்.

தமிழ்த் தரவில் இதைவிட நுட்பமான சிக்கல் உண்டு, பாடப்புத்தகங்கள் சொல்லாதது. கோமதியின் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் துணைக்காலும். திரையில் ஒன்றுபோலவே தெரியும், எக்ஸ்பாத்துக்கு அவை வேறு வேறு. தேடல் காரணமில்லாமல் வெறுமையாக வந்தால், யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கொண்டு கோப்பின் உரையையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிப் பாருங்கள். ஸ்ட்ரிங்-லெங்த் நாம் எண்ணும் எழுத்தை எண்ணாது. கோமதிக்கு 3 அல்ல, 5 என்று சொல்லும். ஸ்டார்ட்ஸ்-வித்(பெயர், 'ச') சாந்தியையும் சா'அரியையும் பிடிக்கும், ஏனென்றால் ‘சா’வின் முதல் குறியீடு ச-தான்.

கடைசியாக நேம்ஸ்பேஸ்: ஒரே பெயருள்ள டேக்குகள் குழம்பாமலிருக்க, அவற்றை ஒரு முகவரியோடு சேர்த்து அடையாளப்படுத்துவது. இது வெறும் தேர்வு விஷயம் அல்ல. மலேசியாவில் ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் (மின் விலைப்பட்டியல்) கட்டாயமானது. வருமான வரி வாரியம் ஏற்கும் வடிவங்களில் ஒன்று யூபிஎல் 2.1 எக்ஸ்எம்எல். செம்பனை மில்லின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் அந்தக் கோப்பு கைக்கு வரலாம். அதன் வேர்க் கணு இன்வாய்ஸ் (கோப்பில் ஆங்கில எழுத்தில் Invoice). முன்னொட்டு (டேக் பெயருக்கு முன் முக்காற்புள்ளியோடு வரும் சுருக்கப் பெயர்) இல்லாமல் நிற்கும், ஆனால் இயல்பு நேம்ஸ்பேஸ் ஒன்றுக்குள் இருக்கும். //இன்வாய்ஸ் என்று தேடினால் பிழையும் வராது, விடையும் வராது. எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாத பெயர் ‘எந்த நேம்ஸ்பேஸிலும் இல்லாதது’ என்றே பொருள்படும். அந்த நேம்ஸ்பேஸின் முகவரிக்கு நீங்களே ஒரு முன்னொட்டைச் சூட்டி, அகராதியாக எக்ஸ்பாத் முறைக்குக் கொடுங்கள். கோப்பில் இருக்கும் முன்னொட்டோடு அது ஒத்துப்போக வேண்டியதில்லை, முகவரி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். வெற்று முன்னொட்டை எல்எக்ஸ்எம்எல்லின் எக்ஸ்பாத் ஏற்காது. முன்னொட்டில்லாத பண்புகளுக்கு இயல்பு நேம்ஸ்பேஸ் பொருந்தாது, ஆகவே @எண் என்பது @எண் ஆகவே இருக்கட்டும். லோக்கல்-நேம்() கொண்டு நேம்ஸ்பேஸைத் தாண்டிப் போகும் குறுக்குவழியும் உண்டு. கோப்பை அவசரமாக எட்டிப் பார்க்க அது போதும், விடைத்தாளில் வேண்டாம்.

மேலே உள்ள கோப்பையே வைத்து, விடையை மூடிக்கொண்டு இந்த நான்கையும் செய்து பாருங்கள்.

//ஆள்[நாட்(எடை)]/பெயர்
//ஆள்[@எண்='202']/../@எண்
//ஆள்[லாஸ்ட்()]/@எண்
//டிவிஷன்[ஆள்/எடை > 1000]/@எண்

விடைகள்: சாந்தி; 2; 102, 202; 1. நான்காவதற்கு 1, 2 என்று எழுதியிருந்தால் காற்புள்ளிப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.