சோமன் சந்திரன் இல்லை: வேதகாலத்தை நான் படித்த கதை

முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு வரலாறு படிக்க உட்கார்ந்தபோது, வேதகாலத்தை ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குடியாத்தத்தில் கோயில் தெருவில் வளர்ந்தவளுக்குச் சாமி பெயர் தெரியாதா என்ன? முதல் மாதிரித் தேர்வில் அந்தப் பகுதியில் வாங்கியது பத்துக்கு மூன்று.

விடைத்தாளைப் புரட்டினால் தப்பெல்லாம் ஒரே ரகம். சோமன் என்றதும் சந்திரன் என்று குறித்திருந்தேன். சோமவாரம் திங்கட்கிழமைதானே! ரிக் வேதத்தில் சோமன் என்றால் முதலில் வேள்விக்காகப் பிழிந்தெடுக்கும் ஒரு செடியின் சாறு. அந்தச் சாறேதான் தெய்வமும். ரிக் வேதத்தின் பகுதிகளை மண்டலம் என்பார்கள்; 114 பாடல்கள் கொண்ட ஒன்பதாம் மண்டலமே அதற்காக ஒதுக்கியது. காயத்ரி மந்திரத்துக்குத் தெய்வம் காயத்ரி தேவி என்று போட்டிருந்தேன். காயத்ரி என்பது யாப்பின் பெயர். மூன்றாம் மண்டலத்தில் வரும் அந்த மந்திரம் போற்றுவது சூரியத் தெய்வமான சவிதாவை. தெரிந்த சாமிகள்தான் என் காலை வாரிவிட்டார்கள்.

அப்புறம் பாட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டேன். ரிக் வேதத்தில் 10 மண்டலங்கள், 1028 பாடல்கள். இந்திரனுக்கு மட்டும் சுமார் 250, அக்னிக்கு சுமார் 200. விஷ்ணுவுக்கு உள்ளவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ருத்ரனுக்கு முழுதாக மூன்றே மூன்று. இதை எழுதி வைத்தும் மனதில் நிற்கவில்லை.

அக்னி நட்சத்திர நாட்கள். வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? நூலகத்தில் மின்விசிறி அனலை வீச, மாலையில் எழுந்து கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். பிரகாரம் சுற்றும்போது திசைகளை எண்ணிப் பார்த்தேன். கிழக்குக்கு இந்திரன், தென்கிழக்குக்கு அக்னி, மேற்குக்கு வருணன். வீட்டில் அடுப்பு வைக்க அம்மா பார்க்கும் அதே அக்னி மூலை! 250 பாட்டு வாங்கியவன் இங்கே ஒரு திசைக்குக் காவல். மூன்று பாட்டு ருத்ரனோ, பின்னாளில் சிவனோடு ஒன்றாகி, கருவறைக்குள். அதன்பிறகு அந்த எண்கள் மறக்கவே இல்லை. நடுவில் பிற்கால வேதகாலத்தில் படைப்புக் கடவுளான பிரஜாபதி தலைமைக்கு வந்ததையும் இதோடு கோத்துக்கொண்டால் போதும்.

நூல்களுக்கு இவ்வளவு சிரமம் வேண்டாம். வேள்விச் சடங்குகளை விளக்கும் நூல்களான பிராமணங்களில் ஐதரேயம் ரிக்குக்கு, சதபதம் சுக்ல யஜுருக்கு, கோபதம் அதர்வணத்துக்கு. இதை உருப்போட்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை. உபநிடதங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு அடையாளம் வையுங்கள். அரசு முத்திரையில் பார்க்கிற ‘வாய்மையே வெல்லும்’ முண்டக உபநிடதத்தின் ‘சத்யமேவ ஜயதே’. அது அதர்வணத்தைச் சேர்ந்தது. எமனிடம் கேள்வி கேட்ட நசிகேதன் என்றால் கடோபநிடதம்.

துருக்கியில் கிடைத்த போகஸ்கோய் ஆவணத்தை விட்டுவிடாதீர்கள். ஹிட்டைட், மிட்டானி அரசுகள் செய்துகொண்ட கி.மு. 14-ஆம் நூற்றாண்டு உடன்படிக்கை அது. மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி இரட்டையர்) என நம் பாடத்துப் பெயர்களே சாட்சிகளாக வருகின்றன. வருணன் நமக்கும் அந்நியன் இல்லை, தொல்காப்பியத்தில் நெய்தல் நிலம் அவனுக்கு.

அடுத்த மாதிரித் தேர்வில் ஒன்பது. விட்ட அந்த ஒன்று, ரிக் வேதப் பாடலான புருஷ சூக்தம் எந்த மண்டலம் என்பது. பத்தாம் மண்டலம் என்று வாய் முணுமுணுக்க, கை விடைத்தாளில் ஒன்பதாம் மண்டலத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தது. சோமன் பிடித்த பிடி அப்படி.