கூட நின்று காட்டித்தர ஆளில்லை

உதகையில் மார்கழிக் காலையில் வயதானவர்களுக்கு ட்ரிப்ஸ் போட நரம்பு கிடைப்பது எளிதல்ல. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். நேற்று, பணியில் சேர்ந்து ஒரு மாதமே ஆன செவிலியர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய பாட்டியின் கையில் மூன்று முறை குத்திவிட்டுக் கண்கலங்கி என்னிடம் வந்து நின்றார். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்தக் கையில் சிறிது நேரம் சுற்றிவைத்து, கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் செய்தேன். நரம்பு எழும்பியது, மருந்து ஏற்றும் மென்குழாயான கேனுலா ஒரே முறையில் ஏறியது. "காலேஜ்ல இதை யாரும் காட்டித் தரலையே, சிஸ்டர்" என்றார். விரல் சில்லிட்டிருந்தால், அதில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தவறாகக் காட்டக்கூடும் என்பதும் அவருக்கு இங்கு வந்த பிறகே தெரிந்தது.

அவர்மீது குற்றமில்லை. பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த விகிதம். அவருடைய வார்டுப் பயிற்சியிலோ முப்பது பேருக்கு ஒருவர்தான் இருந்திருக்கிறார்.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 157 புதிய அரசு நர்சிங் கல்லூரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 15,700 பட்டதாரிகள் கூடுதலாக வருவார்கள் என்றது. மகிழ்ச்சிதான். ஆனால், ஆண்டுக்கு 100 பேர் சேரும் நான்காண்டுப் படிப்பில் ஒரு கல்லூரிக்கு 400 மாணவர்கள், அவர்களுக்கு 40 ஆசிரியர்கள் என்று கணக்கிட்டால், இவற்றுக்கு மட்டும் 6,280 ஆசிரியர்கள் வேண்டும். கட்டடத்தை இரண்டாண்டுகளில் எழுப்பிவிடலாம், பி.எஸ்சி. நான்காண்டுகள், பணி அனுபவம் ஓராண்டு, எம்.எஸ்சி. இரண்டாண்டுகள் என்று முதுநிலை படித்த ஓர் ஆசிரியர் உருவாகவோ ஏழாண்டுகள் ஆகின்றன.

உருவானவர்களும் நிலைப்பதில்லை. எம்.எஸ்சி. முடித்து ஒரு தனியார் கல்லூரியில் மூன்றாண்டுகள் கற்பித்தவள் நான். வார்டில் வாங்கியதைவிடச் சம்பளம் குறைவு. கோடை விடுமுறையில் மாணவர் சேர்க்கைக்காக ஊர் ஊராக அலையவும் வைத்தார்கள். பாடம் நடத்துவது எனக்கு உயிர் என்றாலும், பிள்ளைகளின் படிப்புச் செலவை நினைத்து வார்டுக்கே திரும்பினேன். என்னோடு படித்தவர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள்.

அதனால் கல்லூரியில் விட்டுப்போன பாடமெல்லாம், நைட் டியூட்டியில் முப்பது நோயாளிகளுக்கு நடுவே, கிடைத்த இடைவெளியில் நடக்கிறது. வார்டில் கற்பிக்கும் நேரத்தையும் பணியாகக் கணக்கிட்டு, அதற்கெனத் தனி ஊதியம் தந்தால், அனுபவமுள்ள செவிலியர் பலர் முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பாட்டிக்கு அடுத்த கேனுலா போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன், ஊசியை நீதான் ஏற்ற வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.