சுங்கை சிப்புட்: கேக் வேண்டாம், பெம்பஸ் (டயப்பர்) வாங்கிப் போங்கள்

முதலில் அந்த டாக்சிக்காரரைத் திட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ரயில் நிலையத்திலிருந்து, உடல் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பராமரிப்பு இல்லத்துக்கு எட்டு கிலோமீட்டர்தான். கிரேப் வாடகை வண்டிச் செயலியில் வண்டி எதுவும் காட்டவில்லை என்று தெரிந்ததும் மனுஷன் 40 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். பேசிப் பேசி 35. "உள்ள ரோடு மோசம் தங்கச்சி, டயர் போயிரும்" என்றார். செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரிகள் ஓடி ரோடு குண்டும் குழியுமாகத்தான் கிடக்கிறது. அதற்காக 35 வெள்ளியா?

அப்பாவின் திதிக்கு ஏதாவது ஓர் இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நம்மவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். போனில் பேசிய பொறுப்பாளர் அக்கா நேராகவே சொல்லிவிட்டார்: "பிரியாணி, கேக்லாம் வேணாம்மா. எங்க பிள்ளைங்க முக்கால்வாசிப் பேருக்கு மென்னு சாப்பிட வராது. பெரியவங்க பெம்பஸ் வாங்கிட்டு வாங்க. பதினொன்றரைக்கு வந்தா நீங்களே ஊட்டிவிடலாம்." இந்தப் 'பிள்ளைங்க'ளில் ஐம்பதைத் தாண்டியவர்களும் உண்டு.

திதிக்கு பெம்பஸா என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "அப்பா கடைசியில எதுல கிடந்தாரு?" என்று கேட்டேன். அப்புறம் அம்மா பேசவில்லை.

டவுனிலேயே மருந்துக் கடை இருக்கிறது, கோலாலம்பூரிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. பத்து உள்ள பொட்டலம் 17 வெள்ளி. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு வேண்டும். அப்படியென்றால் மாதம் 120, அதாவது 204 வெள்ளி, ஒரே ஆளுக்கு! இப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சமூகநலத் துறை கொடுப்பது மாதம் 500 வெள்ளி. பால்மாவு, மருந்து, மருத்துவமனைக்குப் போய்வரும் வாடகை வண்டி எல்லாம் மீதியில்தான். பார்த்துக்கொள்பவர் வேலையை விட்டிருப்பார், அந்தச் சம்பளத்தை யார் கணக்கில் சேர்க்கிறார்கள்?

இல்லம் பழைய ஒற்றை மாடி வீடு. மூத்திர நாற்றம் அடிக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். டெட்டாலும் சாம்பாரும்தான் மணக்கின்றன. சுவரில் ஓர் அட்டவணை: யாரை எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தார்கள் என்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியிலும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். சிலருடைய கை எப்போதும் இறுக மூடியே இருக்கிறது. நகம் உள்ளங்கையைக் குத்தாமல் இருக்கச் சின்னத் துணிச்சுருளை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கொடுத்தது மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஓர் அண்ணன், நாற்பது வயது இருக்கும். மீனும் பூசணியும் போட்டு அரைத்த கஞ்சி, ரப்பர் மாதிரி மெத்தென்ற கரண்டி. இரும்புக் கரண்டி என்றால் பல் தன்னால் கடித்துப் பிடித்துக்கொள்ளுமாம், விடாதாம். "நீ நிக்காத, அவன் கண்ணுக்கு நேரா உக்காரு. நின்னா தலைய அண்ணாந்துருவான், கஞ்சி நுரையீரலுக்குப் போயிரும்" என்றார் அக்கா. அரைக் கரண்டிதான். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி எடுக்க வேண்டும். அப்புறம் தொண்டையையே பார்க்க வேண்டும். குரல்வளை மேலே ஏறி இறங்கினால்தான் அடுத்த வாய். ஒரு கிண்ணம் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் அம்மா பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ முருகன் பாட்டு முணுமுணுக்க, இந்த அண்ணன் சாப்பிடுவதை மறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார், கஞ்சி முழுக்க என் சட்டையில். சாப்பிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும் என்பதால் டிவியில் பழைய பாட்டு வைத்தார்கள்.

அந்த அண்ணனுடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். சின்ன வயதில் தோட்டத்து ஆயாக் கொட்டகையில்தான் (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) விட்டுப் போவாராம். வளர்ந்தும் ஆயா வைத்துக்கொண்டார், அக்கம்பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். தோட்டம் கைமாறி லயம் காலியானதும் அந்த ஏற்பாடு போயிற்று. மலேசிய இந்தியர்களின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர், 1948-இல் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளை எதிர்த்து ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்கிய ஊர் என்று சுங்கை சிப்புட்டைப் பற்றி நிறையப் பேசுகிறோம். லயம் காலியானபோது இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

திரும்பும்போது இல்லத்து வேனிலேயே டவுனில் இறக்கிவிட்டார்கள், காசு மிச்சம். வாழையிலைக் கடை ஒன்றில் தெங்கிரி (வஞ்சிரம்) மீன் கறி. ஐயோ, அந்தக் குழம்பு! புளி தூக்கலாக, வெண்டைக்காய் உடையாமல். ஒரு துண்டு மீன் 11 வெள்ளி என்று பில்லில் பார்த்ததும்தான் கொஞ்சம் வலித்தது. ரசத்துக்குக் காசு இல்லை, வயிறாரக் குடித்துச் சமாளித்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஈடிஎஸ் மின்சார ரயில்கள் எல்லாமே இங்கே நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள். இல்லை, ஈப்போவில் இறங்கி மேடான் கிட் பஸ் நிலையத்தில் பஸ் பிடியுங்கள். எந்த இல்லமானாலும் முன்கூட்டியே கூப்பிட்டு என்ன சைஸ் வேண்டும் என்று கேளுங்கள். படுத்திருப்பவர்களோடு செல்ஃபி எடுக்காதீர்கள், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சாப்பாடு போட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களாம். பிப்ரவரி, மார்ச்சில் சாப்பாடு போடுகிறவர்கள் பெயரை எழுதும் பலகை காலியாகத்தான் இருக்கும் என்றார் அக்கா.