மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? துப்பாக்கிக் கடை மேசைக்குப் பின்னாலிருந்து சில குறிப்புகள்

அமெரிக்காவில் மான் பருவம் நெருங்கினால் துப்பாக்கிக் கடைகளில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்: "மானுக்கு எந்தத் தோட்டா நல்லது?" கேட்கிறவர் பாதிப் பதிலைக் கையோடு கொண்டுவந்திருப்பார். அப்பா .30-06 வைத்திருந்தார், மாமா .270 தவிர வேறெதையும் தொடமாட்டார், இணையத்தில் எல்லோரும் 6.5 கிரீட்மூர் என்கிறார்கள் (எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்). அவரோடு வாதாடிப் பயனில்லை. எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள், துப்பாக்கி என்ன எடை, எந்த மாநிலத்தில் வேட்டை, பயிற்சிக்கு வருடம் எத்தனை பெட்டி வாங்க முடியும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான்குக்கும் நேர்மையான பதில் வந்துவிட்டால் தேர்வு இரண்டு மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடும்.

இதில் தூரத்தைப் பற்றித்தான் எல்லோரும் மிகைப்படுத்துவார்கள். அடர்ந்த காட்டில் வெள்ளைவால் மானைச் சுடுகிறவருக்கு 100 கெஜத்துக்கு மேல் கண்ணே எட்டாது. அங்கே 1895இல் வந்த .30-30 வின்செஸ்டர் இன்றைக்கும் குறையில்லாமல் வேலை செய்கிறது. அதன் 170 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடையளவு) குண்டு குழலைவிட்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,200 அடி வேகத்தில் கிளம்புகிறது. 100 கெஜத்துக்குச் சரிசெய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிபார்த்த இடத்திலேயே குண்டு படும்படி வைத்த துப்பாக்கியில் 200 கெஜத்தில் அது 8 அங்குலத்துக்கு மேல் தாழ்ந்துபோகும். மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை இருக்கும் வட்டமே சுமார் 8 அங்குலம்தான். ஆகவே .30-30 என்றால் 150 கெஜம், கை தேர்ந்தவருக்கு 200. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

மேற்கு மாநிலங்களின் திறந்த வெளியில் மியூல் மானைத் தேடுகிறவருக்குக் கணக்கு வேறு. 1925இல் வந்த .270 வின்செஸ்டர் 130 கிரெய்ன் குண்டை வினாடிக்கு 3,060 அடியில் அனுப்புகிறது. 200 கெஜத்துக்குச் சரிசெய்தால் 100 கெஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே, 300 கெஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே. .308 வின்செஸ்டரில் 150 கிரெய்ன் குண்டு 2,820 அடி. 300 கெஜத்தில் எட்டு அங்குலத்தை ஒட்டித் தாழும். இந்த ஒன்றிரண்டு அங்குல வித்தியாசத்துக்காக ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது வேடிக்கைதான். அதைவிடக் காற்று பெரிய விஷயம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் 300 கெஜத்தில் 6.5 கிரீட்மூரின் நீண்ட 143 கிரெய்ன் குண்டு ஐந்து அங்குலம் போல ஒதுங்கும்; .308இன் சாதாரண மென்முனைக் குண்டு ஒன்பது அங்குலம் வரை போகும். 2007இல் வந்த கிரீட்மூருக்குக் கிடைத்த பெயரில் பெரும்பங்கு இந்த ஒதுக்கம் குறைவதால்தான். 150 கெஜத்துக்குள் சுடுகிறவருக்கு அதனால் பெரிய லாபம் ஏதும் இல்லை.

தோட்டாவின் பெயரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர் குண்டைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. மானின் உடலுக்குள் போவது குண்டு மட்டும்தான். தோட்டாவின் கூடும், அதன் அடியில் அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரும், வெடிமருந்தும் துப்பாக்கியோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு வேட்டைக் குண்டும் ஒரு வேக எல்லைக்குள் விரிவதற்காகச் செய்யப்பட்டது. செம்பு உறைக்குள் ஈயம் ஊற்றிய வழக்கமான மென்முனைக் குண்டுகளில் பலவும் வினாடிக்கு 1,800 அடிக்கு மேல் இருந்தால்தான் நம்பகமாக விரியும். .30-30இன் குண்டு இதற்கு விலக்கு. 200 கெஜத்தில் அதன் வேகம் 1,600 அடிக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பது தெரிந்தே அதை மென்மையாகச் செய்கிறார்கள். .308இலும் .30-30இலும் குண்டின் விட்டம் ஒன்றே என்பதால் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் சிலர் ஒன்றுக்கான குண்டை மற்றதில் போடுகிறார்கள். .30-30 குண்டை .308 வேகத்தில் அனுப்பினால் பக்கத்திலிருக்கும் மானின் தோள் எலும்பில் பட்டு உடைந்து சிதறும். .308 குண்டை .30-30 வேகத்தில் அனுப்பினால் விரியாமலே ஊடுருவி வெளியேறும். அதோடு .30-30இன் குழாய்க் கிடங்கில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், பின்னாலுள்ள குண்டின் கூர்முனை முன்னாலுள்ள தோட்டாவின் பிரைமரில் குத்தும். உதைப்பின் அதிர்ச்சியில் அது வெடிக்கவும் கூடும். தட்டை முனையோ வளையும் ரப்பர் போன்ற முனையோ உள்ள குண்டுகளைத்தான் அதில் போட வேண்டும்.

.243 வின்செஸ்டர் வாங்குகிறவரிடம் பெட்டியைக் கொடுக்கும் முன் எடையை வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. ஒரே அலமாரியில் 58 கிரெய்னும் 100 கிரெய்னும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 58 கிரெய்ன் குண்டு தரை அணில் அளவுள்ள பிராணிகளுக்கானது. பட்டவுடனே தூளாக வேண்டும் என்றே மெல்லிய உறையோடு செய்யப்பட்டது. மானின் தோளில் பட்டால் மேலோட்டமாகப் பெரிய காயம் வரும், நுரையீரல்வரை எட்டாது. மான் ஓடிவிடும், பல நாள் தவித்துச் சாகும். ".243 மானுக்குப் போதாது" என்று பிறகு ஒருவர் சொன்னால், பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேளுங்கள். 95, 100 கிரெய்ன் குண்டோடு .243 மானுக்குத் தாராளமாகப் போதும்.

பெரிய மான், கோணலான நிலை, தோள் எலும்பு குறுக்கே வரும் சாத்தியம் என்றால் கெட்டியான குண்டு வேண்டும். ஜான் நாஸ்லர் 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பார்ட்டிஷன் குண்டில் நடுவே ஒரு செம்புச் சுவர் உண்டு. முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த குண்டுகள் அதே சிக்கலை வேறு வழியில் தீர்க்கின்றன. முழுச்செம்புக் குண்டுகள் பெரும்பாலும் சிதறுவதில்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வனவிலங்கு வேட்டை எதற்கும் ஈயத் தோட்டா கூடாது என்பதால் அங்கே இவைதான் வழக்கம். ஆனால் செம்பு விரிய ஏறத்தாழ 2,000 அடி வேகம் வேண்டும். 2,800 அடியில் கிளம்பும் .308இன் செம்புக் குண்டு 400 கெஜத்தை நெருங்கும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும். செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். அதனால் ஈயக் குண்டில் 150 கிரெய்ன் சுட்டவர் செம்பில் 130 எடுத்தால் வேகமும் கிடைக்கும், குண்டும் நிலையாகச் சுழலும்.

சுழற்சியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1955ஆம் ஆண்டே சாட்சி. அந்த ஆண்டில் .243 வின்செஸ்டரும் .244 ரெமிங்டனும் வந்தன. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றே. ரெமிங்டனின் கூட்டில் மருந்துக்கு இடம் சற்று அதிகம்கூட. ஆனால் குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் வரிகள் வின்செஸ்டரில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ரெமிங்டனில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கூரான 100 கிரெய்ன் குண்டை அந்த மந்தமான சுற்று நிலைப்படுத்தாது என்ற பேச்சு பரவியது. ஒரே துப்பாக்கியால் மானையும் சுட நினைத்தவர்கள் வின்செஸ்டரிடம் போனார்கள். 1963இல் 9 அங்குலச் சுற்றோடு 6 மிமீ ரெமிங்டன் என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தும் விட்ட சந்தையைப் பிடிக்க முடியவில்லை. பழைய துப்பாக்கிக்குப் புதுவகை நீளக் குண்டு வாங்குமுன் குழலின் சுற்று என்ன என்று பாருங்கள். தாள் இலக்கில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வட்டத் துளை விழுந்தால் குண்டு பக்கவாட்டில் புரண்டு பறக்கிறது என்று பொருள். அந்தக் குண்டு அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

உதைப்பைப் பற்றி ஆண்கள் கடையில் உண்மை பேசமாட்டார்கள். எட்டு பவுண்டு எடைக்கு அருகிலுள்ள துப்பாக்கியில் .243 சுமார் 9 அடி-பவுண்டு (உதைப்பின் ஆற்றலை அளக்கும் அலகு) உதைக்கும். 6.5 கிரீட்மூரும் 7 மிமீ-08உம் 12, 13. .308 ஏறத்தாழ 16. 180 கிரெய்ன் குண்டோடு .30-06 என்றால் 20. .300 வின்செஸ்டர் மேக்னம் 25ஐத் தாண்டும். பெரும்பாலானவர்கள் 15இலிருந்து 20க்குள் எங்கோ கண்ணை மூடத் தொடங்குகிறார்கள். விசையை அழுத்தும் கணத்தில் தோளை முன்னால் தள்ளுவார்கள், குண்டு தாழ்வாகவும் பக்கவாட்டிலும் போகும். சுடுகிறவருக்கு இது தெரியாது, ஸ்கோப் (துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) கெட்டுவிட்டது என்பார். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: அவர் பார்க்காதபோது கிடங்கில் நாலைந்து தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகுங்கள். அதன் முறை வரும்போது வெடிக்காது, ஆனால் குழல் துள்ளும். அந்தத் துள்ளல் இருக்கும்வரை தோட்டாவின் ஆற்றல் அட்டவணையைப் புரட்டுவது வீண். ஆறு பவுண்டு மலைத் துப்பாக்கியில் அதே .308 எட்டு பவுண்டுத் துப்பாக்கியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் உதைக்கும் என்பதையும் லேசான துப்பாக்கி கேட்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலச் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் அங்குலத்துக்கு 20 முதல் 30 அடி கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ஒஹாயோவில் மானுக்கு ரைஃபிள் என்றால் கழுத்துச் சுருங்காத நேர்ச்சுவர்த் தோட்டா மட்டும்தான்; .308ஐயும் .30-06ஐயும் அங்கே கொண்டுபோக முடியாது. 2019இல் .350 லெஜண்ட் பிறந்ததே இப்படிப்பட்ட மாநிலங்களை மனத்தில் வைத்துத்தான். உதைப்புக் குறைவு, 200 கெஜத்துக்குள் போதுமான வேலை. முழு உறை போட்ட ராணுவக் குண்டு பல மாநிலங்களில் தடை. தடை இல்லாத இடத்திலும் மானின் மேல் அதைச் சுடக் கூடாது, அது விரியாது.

ஒரே வீட்டில் இரண்டு மூன்று அளவுத் துப்பாக்கிகள் இருந்தால் தோட்டாக்களைத் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். .308 தோட்டா .30-06இன் அறைக்குள் (குழலின் பின்புறம் தோட்டா உட்காரும் இடம்) போய்விடும், வெடிக்கவும் செய்யும். கூடு கிழிந்து வாயு பின்னால் பீறிடவும் கூடும். .300 பிளாக்கவுட் .223 அறைக்குள் நுழைந்துகொண்டால் துப்பாக்கியே பிளந்துபோகும், ஏனென்றால் 0.308 அங்குலக் குண்டு 0.224 அங்குலக் குழல் வழியே போக முயலும். குழலின் மேல் செதுக்கியிருப்பதையும் தோட்டாவின் அடியில் பொறித்திருப்பதையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் படிப்பது தவிர வேறு பாதுகாப்பு இல்லை.

தேர்ந்தெடுத்த பிறகு ஒரே தொகுதி எண் கொண்ட நான்கைந்து பெட்டிகளைச் சேர்த்து வாங்குவது நல்லது. ஒரே எடை, ஒரே பெயர் என்றாலும் கம்பெனி மாறினால் 100 கெஜத்தில் குண்டு விழும் இடம் இரண்டு மூன்று அங்குலம் நகரலாம். பருவம் தொடங்கும் முந்தைய நாள் மாலை, "அது இல்லையா, அப்போ இதைக் கொடுங்க" என்று வேறு பெட்டியை வாங்கிப்போகிறவர்கள் அடுத்த வாரம் குறைசொல்ல வருவார்கள். வழக்கமான முறை இதுதான்: ஸ்கோப் வளையத் திருகுகளை 15 முதல் 18 அங்குல-பவுண்டில் முறுக்குங்கள். 25 கெஜத்தில் முதல் குண்டு தாளில் விழட்டும். பிறகு 100 கெஜத்துக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியை வைத்துத் திருத்துங்கள். ஸ்கோப்பின் திருகைத் திருப்பும் ஒரு சொடுக்குக்கு வழக்கமாக அங்குலத்தில் கால் பங்கு நகரும். ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு குழல் கைக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். .308, .270 வகைகளுக்கு 100 கெஜத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் 200 கெஜத்தில் நேராக வரும். பிறகு மேசையைவிட்டு எழுந்து, காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பாருங்கள். மேசையில் ஓர் அங்குலத்துக்குள் சுட்டவர் மண்டியிட்டு எட்டு அங்குலத்துக்குள் எத்தனை கெஜம்வரை சுட முடிகிறதோ அதுதான் அவருடைய தூரம். தோட்டாவின் தூரம் அதற்கு அப்புறம்தான்.

மான் விழவில்லை என்று தோட்டாவை மாற்ற வருகிறவரிடம் இரத்தத்தின் நிறத்தைக் கேளுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. அந்த மான் 100 கெஜம் ஓடினாலும் அரைமணி பொறுத்துப் போயிருந்தால் கிடைத்திருக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடலில் பட்டிருக்கிறது. ஆறு மணி நேரமாவது காத்திருக்க வேண்டியது, உடனே துரத்தியதால் எழுந்து ஓடியிருக்கும். கல்லீரலிலும் குடலிலும் பட்டதற்குக் காரணம் குண்டு போன இடம். வேறு பெட்டி கொடுத்தால் அது சரியாகாது. அவருக்குப் போலித் தோட்டாவும் ஒரு கட்டு இலக்குத் தாளும் கொடுத்தனுப்பினால் போதும்.