சாரல் மாசத்தில் கோழிக்கூட்டுக் கூளம்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை

கூடு 8 அடிக்கு 5 அடி. சிமெண்ட் தரை, ஓட்டுக் கூரை, உள்ளே 16 நாட்டுக்கோழி. கேரள எல்லையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடிக்குச் சற்று இந்தப் பக்கம், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து அடிக்கும் தென்னந்தோப்பு. இங்கே ஜூனில் கூட்டுத் தரையில் பரப்பும் கூளம் ஆகஸ்ட் வரை தாங்கினால் வருசம் முழுக்கத் தாங்கும்.

ஜூன் முதல் வாரம்: பழைய கூளத்தை வழித்து, தரையை ஒரு நாள் காயவிட்டு, நீர்த்த சுண்ணாம்பு மெல்லிசாகத் தூவியாயிற்று. அதன் மேல் 4 அங்குலம் கூளம். உமி இரண்டு பெரிய சாக்கு, தென்னை நார்க்கழிவு ஒரு சாக்கு. கழிவை (எல்லைக்கு அந்தப்புறம் சகிரிச்சோறு என்பார்கள்) மில்லில் இருந்து வந்தபடியே கொட்டக்கூடாது, கை நனையும் அளவுக்கு ஈரம் இருக்கும். இரண்டு வெயில் காயவேண்டும். கழிவு தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும், ஆனால் நனைந்தால் இறுகிவிடும். உமி அவ்வளவாகக் குடிக்காது, இறுகவும் செய்யாது. காற்று போக வழி விடும். அதனால்தான் இரண்டும் சேர்ந்த கலவை. மரத்தூள் கிடைத்தாலும் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், பசை மருந்து கலந்திருக்கும்.

மூன்றாம் வாரம்: காலையில் கதவைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்ற நெடி. கூடு முழுக்க ஈரம் இல்லை, தண்ணீர்க் குடுவையைச் சுற்றி இரண்டடிதான். அங்கே கூளம் அடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஒரு துண்டைப் புரட்டினால் மேல்பக்கம் கறுத்துப் பளபளப்பு, அடிப்பக்கம் உமி ஊறி மஞ்சளாக, தொட்டால் வெதுவெதுப்பாக. ரத்தக்கழிச்சல் கிருமி இந்தச் சூட்டிலும் ஈரத்திலும்தான் இரண்டே நாளில் தொற்றும் நிலைக்கு வரும். கட்டியை உடைத்து மற்ற கூளத்தோடு கலப்பது பெரிய தப்பு. அப்படியே வாரி வெளியே போட்டு, அந்த இடத்தில் புது உமி போட்டாயிற்று. குடுவைக்கு அடியில் ஒரு தட்டு, தட்டின் மேல் கம்பி வலை, வலை மேல் குடுவை. குடுவையின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு வரும்படி செங்கல் அடுக்கினால் சிந்துவது பாதிக்கு மேல் குறைகிறது.

ஈரத்தைப் பார்த்ததும் பலர் சுண்ணாம்பைத் தூக்கி வருவார்கள். கோழி உள்ளே இருக்கும்போது தயவுசெய்து வேண்டாம். ஈர எச்சத்தின் மேல் சுண்ணாம்பு பட்டால் அமோனியா, அதாவது அந்தச் சுருக்கென்ற நெடி, அந்த நிமிசமே கிளம்பி, கோழியின் கண் நீர் வடியும்.

ஜூலை: மேற்குப் பக்கம் சாரல் அடித்ததால் சாக்குப் படுதா. முதலில் மேலிருந்து கீழ்வரை மூடியதில் நனையவில்லை, நெடி மட்டும் கூடிவிட்டது. கூரையோரம் ஒரு அடி திறந்துவிட்டதும் மறுநாளே குறைந்தது. நெடியை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், குத்தவைத்துக் கோழியின் தலை மட்டத்தில் பாருங்கள். அது மூச்சு விடுவது அங்கேதான்.

எச்சத்தில் ஏறக்குறைய பாதி ராத்திரி, படுக்கும் கம்புக்கு அடியில்தான் விழுகிறது. அங்கே ஒரு பலகை வைத்து, தினம் காலையில் கொத்தனார் கரண்டியால் சுரண்டினால் ஐந்து நிமிச வேலை. மொத்தக் கூளத்தின் ஆயுளையும் கூட்டுவது இதுதான். வாரம் இரண்டு முறை களைக்கொத்தால் அடிவரை கிளறல். சாயந்தரம் ஒரு கை கம்புத் தானியம் இறைத்தால் மீதியைக் கோழியே கிளறிவிடும்.

கூளத்தை ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பார்ப்பதுதான் சோதனை. லேசாகப் பிடித்து, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பிடிக்கவே இல்லை, தூசி பறக்கிறது என்றால் காய்ந்துவிட்டது, மூச்சுக் கோளாறு வரும்.

ஆகஸ்ட் கடைசி: இடையில் அரை அரைச் சாக்காக உமி சேர்த்ததில் உயரம் 6 அங்குலம். நெடி இல்லை, கட்டி இல்லை, எனவே வாரவில்லை. ஜூனில் வாரிய பழையது காய்ந்த இலையோடு குவித்து மட்கிக்கொண்டிருக்கிறது. பச்சையாகக் கத்தரிக்கோ மிளகாய்க்கோ போட்டால் வேர் கருகும். மூன்று மாசம் ஆனதும் தென்னை வட்டப்பாத்திக்குப் போகும்.