அச்சு எந்த அலமாரியில்?

ஈரோட்டில் என் நெசவுப் புத்தக நூலகம் திறந்த அன்று முதலில் மாடிப்படி ஏறி வந்தவர் கேட்டது இது: "ஏனுங் அம்மணி, நாப்பதாம் நம்பர் கோன் என்ன வெலைங்க?"

வாசலில் வெறும் 'நெசவு நூல்கள்' என்று எழுதி வைத்தது என் தப்புதான். இந்தச் சிலேடை நன்னூலிலேயே இருக்கிறது. பவணந்தியார் ஊர் என்று சொல்லப்படும் சீனாபுரமும் பெருந்துறைப் பக்கம்தான். ஆனால் ஈரோட்டில் நூல் என்றால் கூம்பில் சுற்றி விற்கும் இழை, அதாவது கோன், அவ்வளவுதான். பலகையை மாற்றி எழுதினேன்.

பத்துக்குப் பதினாலு அறை, சுமார் 1,100 புத்தகங்கள். அப்பா சாய மாஸ்டராக இருந்தவர்; அவருடைய அறுபது புத்தகங்களில் தொடங்கியது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, பட்டறை லேப்களில் இருந்த புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு வர ஆரம்பித்தன. அப்பாவும் நானும் கிலோ கணக்கில் எடைக்கு வாங்கினோம். என் அலமாரியில் சாயம் மட்டும் இவ்வளவு இருப்பது அதனால்தான்.

அடுக்குவதுதான் பெரும்பாடு. முதலில் முறைப்படி டூயி எண் போட்டேன், நூலகங்களில் பொருள்வாரியாகப் புத்தகம் பிரிக்கும் எண். டூயியில் துணித் தொழிலுக்கு 677. என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி அதுதான். எல்லா முதுகிலும் ஒரே எண் இருந்தால் எண் எதற்கு? மீதி கால்வாசியோ சிதறிப் போனது. பருத்திச் சாகுபடி 633, சாயம் 667, கைவேலைப்பாடு 746, உடை 391. ஒரு முழத் துணியை நாலாகக் கிழித்த மாதிரி. நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. என்னிடம் வருகிறவர்கள் திங்கள் ராத்திரி தொடங்கும் துணிச் சந்தையை முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பஸ்ஸுக்கு முன்னால் அரைமணி நேரம் ஒதுக்கி வருகிறவர்கள். அவர்களிடம் 677 என்று சொல்லவா?

அதனால் துணி போகிற வழியிலேயே அலமாரியை வைத்தேன். கதவுப் பக்கம் பஞ்சு, அப்புறம் நூற்பு, பாவு, தறி, பின்னல், சாயம், கடைசியில் ஜன்னலோரம் தையல். "பாவு அறுந்துகிட்டே இருக்குதுங்க" என்று ஒருவர் வந்தால் மூன்றாவது அலமாரியில் கஞ்சி போடுவது பற்றிய புத்தகம். அங்கே இல்லையென்றால் ஓரடி பின்னால் வந்து நூற்பில் தேடலாம். குற்றம் எப்போதும் முந்தின அலமாரியில்தான் இருக்கும் என்பார் அப்பா.

ஒவ்வோர் அலமாரிக்கும் ஒரு நிறம் வைத்து, புத்தக முதுகில் கழிவு நூலைக் கட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியது. சிவப்பு நூல் டைரக்ட் சாயம். நனைந்ததும் ஓடிவிட்டது, அதுவும் சாயப் பிடிப்புச் சோதனை பற்றிய புத்தகத்தின் மேலேயே. "டைரக்ட் சாயம் தண்ணி பட்டா எறங்கும்னு உனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது எல்லாம் வெள்ளை நாடா, மேலே பென்சில் எழுத்து.

புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம், கேட்கிறவர்கள் தமிழ். அதனால் சொல்லட்டை எழுதினேன்: பாவு (நெடுக்கு இழை) என்றால் வார்ப், ஊடை (குறுக்கு இழை) என்றால் வெஃப்ட், விழுது (பாவு இழைகளைத் தூக்கி இறக்குவது) என்றால் ஹீல்ட். உதவிக்கு வந்த கல்லூரிப் பெண் 'அச்சு' அட்டைகளை எல்லாம் பிரிண்டிங் அலமாரியில் செருகிவிட்டாள். தறியில் பாவு இழைகளை வரிசையாக நிறுத்தும் சீப்புக்கும் துணியில் பூப் போடுவதற்கும் அச்சு என்று ஒரே சொல் இருந்தால் அவள் என்ன செய்வாள்? இப்போது அச்சுக்கு இரண்டு அட்டை. இன்னோர் அட்டையில் 590.5 என்று மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன். நூலின் பருமனுக்குப் பழைய புத்தகம் சொல்லும் கவுண்ட் நம்பரால் அதை வகுத்தால் புதிய புத்தகம் சொல்லும் டெக்ஸ் அளவு வரும். 40ஆம் நம்பருக்கு 14.76. அதிகம் தேய்ந்த அட்டை அதுதான்.

மாதிரித் துணி ஒட்டிய புத்தகங்களை மட்டும் இரவல் தருவதில்லை. பசைக்குப் பூச்சி வரும், பின் குத்தினால் துரு ஏறும், அதை விட மோசம், பிக் கிளாஸ் என்ற லென்ஸை வைத்து இழைகளை எண்ணிக்கொண்டே ஓர் இழையை உருவப் பார்க்கும் கை. போட்டோ எடுக்கவும் விடமாட்டேன் என்றதில் ஓர் ஏற்றுமதிக்காரருக்குக் கோபம். 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 700 இந்தியத் துணிகளை வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டினார், 20 படிகள். பிரிட்டன் ஆலைக்காரர்கள் பார்த்துச் செய்து இங்கே விற்பதற்கு. மாதிரிப் புத்தகம் என்றாலே அந்த வேலைதான் என்று அவரிடம் சொன்னேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை. சரி, போகட்டும்.

போன மாதம் பவானியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஜமக்காளத்துக்கு என்ன புத்தகம் வைத்திருக்கிறாய் என்றார். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, ஆனால் என்னிடம் ஒன்றுகூட இல்லை. தறி அலமாரியில் ஒரு ஜாண் இடம் காட்டி, "இது உங்களுக்கு விட்டதுங்க" என்று சமாளித்தேன். அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அகலத் தறியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் தறி நாடாவை எப்படிக் கைமாற்றுவது என்று என் மேசையை அளந்து காட்டினார். நாற்பது பக்க நோட்டில் பதினோரு பக்கம் எழுதியாயிற்று. கோடுகளின் கணக்கு பாக்கி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார், மூட்டுவலி விட்டால்.